கண்ணுக்கு ஆங்கிலம், கருத்து டொச்



ஊரில் ஓரளவு ஆங்கிலம் படித்துவிட்டு ஜேர்மனிக்கு வந்தவர்களுக்கு டொச் எழுத்தைக் கண்டதும் ஒரு துணிவு வரும். எழுத்தும் அதேதான், பல சொற்களும் ஒன்றுபோலத்தான் இருக்கும். இந்தத் துணிவுதான் சிலவேளை காலை வாரிவிடும்.

'கிஃப்ற்' என்றால் ஆங்கிலத்தில் பரிசு, டொச்சில் நஞ்சு. போத்தலில் அந்தச் சொல் இருந்தால் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். 'றென்ற' வாடகை அல்ல, ஓய்வூதியம். வாடகைக்கு 'மீற்ற' என்பார்கள்.

மருத்துவர் தந்த 'றெட்செப்ட்' தாளை 'ரிசிற்' என்று நினைத்துக் குப்பையில் போட்டவர்களை எனக்குத் தெரியும். அது மருந்துச் சீட்டு. அதைக் காட்டினால்தான் மருந்து தருவார்கள்.

நேரம் சொல்லும்போது எங்கள் தமிழே எங்களை ஏமாற்றும். 'ஹல்ப்' அரை, 'ட்றை' மூன்று. 'ஹல்ப் ட்றை' என்றதும் மூன்றரை என்று நினைப்போம். இல்லை, இரண்டரை! மூன்றாவது மணித்தியாலத்தில் பாதி போய்விட்டது என்பது அவர்களுடைய கணக்கு. ஒரு தம்பி இப்படித்தான் வழக்கறிஞரிடம் ஒரு மணித்தியாலம் பிந்திப் போய், கதவு பூட்டியிருக்கத் திரும்பி வந்தார். மேன்முறையீட்டுக்கு மறுநாள்தான் கடைசி நாள். அன்றிரவு நாங்கள் பட்ட பாடு! விடியவே போய் வாசலில் நின்று ஒருமாதிரி மனுவைக் கொடுத்தோம். யாராவது தொலைபேசியில் நேரம் சொன்னால், பதினான்கு முப்பதா என்று எண்ணாகவே திருப்பிக் கேளுங்கள்.

இனி விசாரணைக்கு வருவோம். 'இச் வில்' என்பதை ஆங்கிலம்போல எதிர்காலம் என்று எடுக்காதீர்கள். அதன் கருத்து 'நான் விரும்புகிறேன்'. "திரும்பிப் போனால் சாவேன்" என்று சொல்ல வெளிக்கிட்டு, "சாக விரும்புகிறேன்" என்று சொல்லிவிடுவீர்கள். ஆகவே அங்கே அரைகுறை டொச் வேண்டாம், தமிழிலேயே சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்வது அவர்களுடைய பொறுப்பு. அவர் தமிழ்நாட்டவராக இருந்தால் எங்கள் 'வெளிக்கிட்டேன்', 'பெடியன்' எல்லாம் அவருக்குப் பிடிபடாமல் போகலாம். முகத்தைப் பாருங்கள், சந்தேகம் என்றால் வேறு சொல்லில் திரும்பச் சொல்லுங்கள். நீங்களும் அவரை விளங்கவில்லை என்றால் உடனே சொல்லுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

முடிவில் எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டுவார்கள். களைத்துப்போய், "எல்லாம் சரி" என்று தலையாட்டாதீர்கள். ஊர்ப்பெயர், திகதி, உறவுமுறை மூன்றையும் கவனமாகக் கேளுங்கள். பிழை இருந்தால் திருத்திய பிறகுதான் கையொப்பம்.