எஸ்டிபிஎம் மறுதேர்வு: கேள்விப்பட்டதும் உள்ளதும்

கிள்ளானிலிருந்து ஓர் அம்மா, ஆறாம் படிவம் முடித்த மகளின் எஸ்டிபிஎம் தேர்வு முடிவுத்தாளோடு வந்திருந்தார். நான்காக மடித்த தாள். பொருளியலுக்கு நேரே இருந்த பி- மடிப்புக்குள் போயிருந்தது. விரித்துக் காட்டவே தயங்கினார். “ரிப்பீட் எழுதினா பழைய மார்க்கும் போயிடுமாமே சார்?”

போகாது. இரண்டில் எது மேலோ அதைத்தான் மலேசியத் தேர்வு மன்றம் எடுத்துக்கொள்ளும். இந்த ஒரு பயத்தாலேயே எத்தனை பிள்ளைகள் பதியாமல் விட்டிருப்பார்களோ!

நம்பிக்கை: எல்லாப் பாடத்தையும் முதலிலிருந்து எழுத வேண்டும், ஒரு வருசம் வீண்.

உண்மை: 2012 முதல் எஸ்டிபிஎம் மூன்று தவணைகளாக நடக்கிறது. சறுக்கிய பாடத்தின் சறுக்கிய தவணையை மட்டும் திரும்ப எழுதலாம். முதல் இரண்டு தவணைகளுக்கான மறுதேர்வு மூன்றாம் தவணையை ஒட்டியே வருகிறது.

நம்பிக்கை: ரிப்பீட் எழுதினால் பல்கலைக்கழக இடம் உறுதி.

உண்மை: இங்கேதான் பென்சில் எடுக்க வேண்டும். அந்த மகளின் நான்கு பாடங்கள்: பி+, பி, பி, பி-. புள்ளிகளாக 3.33, 3.00, 3.00, 2.67, சராசரி, அதாவது பிஎன்ஜிகே, 3.00. அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யுபியு கணக்கில் கல்விக்கு 90, புறப்பாடத்துக்கு 10. 3.00 என்றால் 90-க்கு 67.5. பொருளியல் பி+ ஆனால் பிஎன்ஜிகே 3.17, கல்விப் புள்ளி 71-ஐத் தாண்டும். பி வரைதான் ஏறினால் 69 சொச்சம். கேட்கும் படிப்புக்குப் போட்டி கடுமையாக இருந்தால் இந்த இரண்டு மூன்று புள்ளிகளே தீர்ப்பு. ஆனால் ஒரு தவணைத் தாள் பாடத்தின் ஒரு பங்குதான்; அதை மட்டும் எழுதி இரண்டு படி ஏறுவது எளிதல்ல. புறப்பாடத்தின் 10-ஐ மறுதேர்வு தொடவே தொடாது.

நம்பிக்கை: எஸ்டிபிஎம் நன்றாக வந்துவிட்டால் ஐந்தாம் படிவ எஸ்பிஎம்மை யார் பார்க்கிறார்கள்?

உண்மை: பார்க்கிறார்கள். அரசுப் பல்கலைக்கழகத்துக்கு எஸ்பிஎம் மலாய்மொழியில் கிரெடிட், அதாவது சி அல்லது அதற்கு மேல், வேண்டும். அது இல்லாதவர் முதலில் எழுத வேண்டியது எஸ்பிஎம் மறுதேர்வைத்தான். ஆங்கிலத் தேர்வான மூயெட்டும் தனி. அதன் பேண்ட், அதாவது தரநிலை, பிஎன்ஜிகேயில் சேராது. ஆனாலும் துறைதோறும் குறைந்தபட்ச பேண்ட் கேட்கிறார்கள். ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை அதை எழுதலாம். பொருளியலோடு மல்லுக்கட்டும் பிள்ளைக்குச் சில சமயம் மூயெட்டே தடையாக நிற்கும்.

என் கருத்தைக் கேட்டால்: சறுக்கியதன் காரணம் தெரிந்தால் எழுதுங்கள். காய்ச்சல், வீட்டில் ஒரு சாவு, படிக்காமல் விட்ட இரண்டு பாடப்பகுதி, இவையெல்லாம் சரிசெய்யக்கூடியவை. காரணமே தெரியாமல், பிரிக்ஃபீல்ட்ஸில் இன்னொரு டியூஷனுக்குப் பணம் கட்டினால் மட்டும் கிரேடு ஏறாது.

அந்த அம்மா தாளை மடிக்காமல் எடுத்துப்போனார். பெற்றோரே, நீங்களும் இன்றிரவு பிள்ளையோடு உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மறுதேர்வுப் பதிவு முடிவதற்குள் ஆறாம் படிவ ஆசிரியரிடம் அதைக் காட்டுங்கள்.