மாட்டைத் தொடுவதற்கு முன்

கால்நடை மருந்தகம் ஒன்றின் பொறுப்பைப் புதிதாக ஏற்கிறீர்களா? மருந்து இருப்பை எண்ணுவதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து, அங்கே வேலை பார்க்கிறவர்களின் பெயர்களை எழுதுங்கள். ஆய்வாளர், பராமரிப்பு உதவியாளர், கூட்டிப் பெருக்க வருகிற அம்மா என ஒருவர் பெயரும் விடுபடக் கூடாது. ஒவ்வொருவரும் வெறிநோய்த் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டிருக்கிறாரா என்று கேட்டுப் பெயருக்கு எதிரே குறியுங்கள். நாயின் வாய்ப்பக்கம் நிற்பவர் உதவியாளர். ஊசி முதலில் அவருக்குத்தான் வேண்டும். முதல் நாள், 7ஆம் நாள், 21 அல்லது 28ஆம் நாள் என்று மூன்று தவணை. இதை முடித்தவருக்குப் பின்னால் கடி பட்டால், அன்றைக்கு ஒன்று, 3ஆம் நாள் ஒன்று என இரண்டு ஊசி போதும். இம்யூனோகுளோபுலின் தேவைப்படாது.

அடுத்து, குழாயடி. தண்ணீர் எப்போதும் வர வேண்டும், சோப்பு எப்போதும் இருக்க வேண்டும். கடித்தாலோ பிறாண்டினாலோ ஓடும் நீரில் 15 நிமிடம் கடிகாரம் பார்த்துக் கழுவ வேண்டும். கழுவி முடித்ததும் மனித மருத்துவமனைக்குப் போக வேண்டும். மஞ்சளோ சுண்ணாம்போ வைக்கக் கூடாது.

வெறிநோய் என்றதும் நாயை மட்டும் நினைக்கிறோம். "தொண்டையில ஏதோ அடைச்சிருக்குங்க சார், கைய விட்டுப் பாருங்க" என்று எச்சில் ஒழுகும் மாட்டோடு ஒருவர் வந்து நிற்பார். மாடு தீனி எடுக்காது, குரல் கம்மிக் கத்தும். அது வெறிநோயாகவும் இருக்கலாம். அதனால் கையுறை மாட்டாமல் எந்த மாட்டின் வாயிலும் கைவிடாதீர்கள். நாய் கடித்ததா, நடையில் தள்ளாட்டம் உண்டா என்று முதலில் விசாரியுங்கள். சந்தேகம் வந்தால் வாயைத் திறக்கவே வேண்டாம். ஏற்கெனவே வீட்டில் யார் யார் வாயில் கைவிட்டார்கள் என்று கேட்டு, அவர்களையும் ஊசிக்கு அனுப்புங்கள்.

மாட்டைக் கட்டும் முறைக்கு வருவோம். டிராவிஸ் என்கிற இரும்புச் சட்டம் இருந்தால் சின்ன ஊசிக்குக்கூட அதற்குள்தான் நிறுத்த வேண்டும். கயிறு ஒரே இழுப்பில் அவிழ்கிற முடிச்சாக இருக்கட்டும். கையில் சுற்றிப் பிடிப்பது விரலுக்கு ஆபத்து. மாடு பக்கவாட்டிலும் வீசி உதைக்கும் என்பதால், பின்னங்காலுக்குப் பக்கத்தில் நிற்பதும் பாதுகாப்பல்ல. தலையைப் பிடிப்பவர் நீங்கள் நிற்கும் பக்கமே நிற்க வேண்டும். அவர் தலையைத் தன் பக்கம் இழுத்தால் பின்பாகம் உங்களை விட்டு விலகும். நாய்க்கு வாய்க்கட்டுப் போடாமல் ஊசியை எடுக்காதீர்கள். "எங்க நாய் கடிக்காதுங்க" என்பது அன்பில் சொல்வது, நம்பி இறங்க முடியாது.

ஊசிக்குத் திரும்ப மூடி போடக் கூடாது. குத்தினாலும் துளைக்காத வெள்ளைப் பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். முக்கால்வாசி நிறைந்ததும் மூடி முத்திரையிடுங்கள். 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகள் கால்நடை மருந்தகங்களுக்கும் பொருந்தும்.

எல்லா ஊசியிலும் கூடுதல் கவனம் கேட்பது புரூசெல்லா தடுப்பூசி. 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுகளுக்குப் போடும் எஸ்19 மருந்தில் இருப்பது உயிருள்ள கிருமி. கன்று துள்ளி ஊசி உங்கள் விரலில் ஏறினாலோ, குப்பியிலிருந்து கண்ணில் தெறித்தாலோ நோய் உங்களுக்கே வரலாம். கண்ணாடி, கையுறை, முகக்கவசம் மூன்றும் இல்லாமல் முகாமுக்குக் கிளம்பாதீர்கள். குத்திவிட்டால் கழுவிவிட்டு, அந்தக் குப்பியோடு அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

இதே கிருமி, கன்று வீசிய மாட்டின் நஞ்சுக்கொடியிலும் கருப்பை நீரிலும் ஏராளமாக இருக்கலாம். தோள்வரை நீளும் கையுறை கிழிந்திருந்தால் இன்னொன்று மாட்டுங்கள். நஞ்சுக்கொடியை நாய் இழுக்காத ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். கர்ப்பிணிகளை இந்த வேலையிலிருந்து விலக்கி வையுங்கள். புரோஸ்டாகிளாண்டின் ஊசி மருந்தையும் அவர்கள் தொடக் கூடாது. தோல் வழியாகவே உடம்பில் ஏறிக் கருவைக் கலைக்கக்கூடிய மருந்து அது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் ஆகாது.

திடீரென்று செத்த மாட்டின் மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத ரத்தம் வடிந்தால் அடைப்பானாக இருக்கலாம். காப்பீட்டுக்காகப் பிரேதப் பரிசோதனை செய்யச் சொல்லி எவ்வளவு கெஞ்சினாலும் அறுக்காதீர்கள். காற்றுப் பட்டால் கிருமி விதையாக மாறிப் பல பத்தாண்டுகள் மண்ணில் கிடக்கும். காது நரம்பிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சோதித்தாலே தெரிந்துவிடும்.

சினை ஊசிக்கான திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரியில் இருக்கும். ஜன்னல் திறந்த அறையில் வையுங்கள். செருப்புக் காலோடு ஊற்ற வேண்டாம்.

இன்னும் ஒன்றை எல்லோருக்கும் சொல்லிக் கொடுங்கள். புரூசெல்லா விட்டுவிட்டு வரும் காய்ச்சலாக, மூட்டுவலியாக, இரவு வியர்வையாக வரும். டைபாய்டு என்று மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டு வேலையை விட்டவர்கள் உண்டு. அதனால் காய்ச்சலோடு எந்த மருத்துவர் முன்னால் உட்கார்ந்தாலும், அவர் கேட்காவிட்டாலும், முதல் வாக்கியமாக இதைச் சொல்லச் சொல்லுங்கள்: "நான் மாட்டாஸ்பத்திரியில வேலை பார்க்கிறேங்க."