வானத்திலும் வாசல்கள்

நுழையும்முன்

இரண்டு ஊர்களுக்கு இடையிலுள்ள தொலைவு மாறுவதில்லை. அதைக் கடக்கும் நேரமோ மாறுகிறது. விமானத்தின் வேகம் மட்டுமா அந்நேரத்தை முடிவு செய்கிறது? பின்லாந்துக்கும் ஜப்பானுக்கும் இடையிலான வான்வழி இவ்வினாவுக்கு விடை தருகிறது.

வளைவே குறுக்குவழி

பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கி. அதற்குத் தென்கிழக்கே வெகுதொலைவில் டோக்கியோ அமைந்திருப்பதாக உலகப்படம் காட்டுகிறது. படத்தில் இரண்டையும் இணைக்கும் நேர்கோடே குறுகிய வழி எனத் தோன்றும். உண்மை அதுவன்று. புவி உருண்டை, படமோ தட்டை. புவிக்கோளத்தின் மீது இரு நகரங்களுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், அது முதலில் வடகிழக்கே ஏறி, ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டி, சைபீரியாவின் மீது வளைந்து தெற்கே இறங்கும். இதனைப் பெருவட்டப் பாதை என்பர். ஹெல்சிங்கி விமான நிலையத்திலிருந்து டோக்கியோவின் நரிதா விமான நிலையம் வரை இப்பாதையின் நீளம் ஏறத்தாழ 7,800 கிலோமீட்டர்.

மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் இத்தொலைவைக் கடக்க 8 மணி 40 நிமிடம் போதும். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவதால், பயணம் ஏறத்தாழ ஒன்பதரை மணி நேரமாகும். மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்றோட்டம், போகும்போது விமானத்தை உந்தும், திரும்பும்போது தடுக்கும்.

மூடிய கதவு

ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலப்பரப்பின் மேலுள்ள வான்வெளியின் மீது முழு உரிமை உண்டு. 1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கை இதனை உறுதி செய்தது. பனிப்போர்க் காலத்தில் சைபீரிய வான்வெளி எளிதில் திறக்கவில்லை. எனவே, 1983இல் பின்லாந்தின் ஃபின்னேர் விமானம் வட துருவத்தைச் சுற்றி, இடைநில்லாமல், ஏறத்தாழ 13 மணி நேரத்தில் டோக்கியோவை அடைந்தது. பின்னர்ப் பகை தணிந்தது, வழி திறந்தது, நேரம் சுருங்கியது.

2022இல் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்ததும், ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் ரஷ்ய விமானங்களுக்குத் தம் வான்வெளியை மூடின. ரஷ்யாவும் அந்நாட்டு விமானங்களுக்குத் தன் வான்வெளியை மூடியது. அதன்பின் ஃபின்னேர் விமானங்கள் வடக்கே துருவத்தின் வழியாகவோ, தெற்கே நடு ஆசியாவின் வழியாகவோ சுற்றிச் சென்றன. பயணம் மீண்டும் ஏறத்தாழ 13 மணி நேரமாயிற்று. கூடுதல் எரிபொருள், கூடுதல் செலவு, கூடுதல் புகை ஆகியவை அதன் விளைவுகள்.

39 ஆண்டுகளில் விமானப் பொறியியல் பெரிதும் வளர்ந்தது. ஆயினும், பயண நேரம் பழைய அளவுக்கே திரும்பியது. அறிவியல் தொலைவைச் சுருக்கலாம். அச்சுருக்கம் நிலைப்பதற்கு நாடுகளிடையே நல்லுறவு வேண்டும்.

தெரியுமா?

குளிர்காலத்தில் டோக்கியோவின் கடிகாரம் ஹெல்சிங்கியைவிட 7 மணி நேரம் முந்தியிருக்கும். மாலை 5 மணிக்குப் புறப்பட்டு 13 மணி நேரம் பறப்பவர், மறுநாள் பிற்பகல் 1 மணிக்கு டோக்கியோவில் இறங்குவார்.

கற்பவை கற்றபின்

புவிக்கோளத்தில் சென்னையையும் நியூயார்க்கையும் ஒரு நூலால் இணைத்து, அந்நூல் கடக்கும் நாடுகளைப் பட்டியலிடுக. அவற்றுள் ஒன்று தன் வான்வெளியை மூடினால் பயணம் எவ்வாறு மாறும் என வகுப்பில் கலந்துரையாடுக.