கணக்கு அறிவோம்: எட்டில் ஒன்றா, பத்தில் ஒன்றா?



கடலை ஆயும் வேலைக்குக் கூலியாகக் கடலையே தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நிலக்காரர் "எட்டில் ஒரு பங்கு" என்கிறார். இன்னொருவர் "பத்தில் ஒரு பங்கு" என்கிறார். "எட்டைவிட பத்துதானே பெருசு, வாங்கடி அங்கேயே போவோம்" என்று கிளம்பினால் நஷ்டம் நமக்குத்தான்!

40 படி ஆய்ந்தால் எட்டில் ஒன்று 5 படி. பத்தில் ஒன்று 4 படிதான். ஒவ்வொரு 40 படிக்கும் ஒரு படி கையைவிட்டுப் போகிறது.

ஏன் இப்படி? ஒரு தேங்காய் பத்தையை நாலு பேருக்குப் பிரித்தால் கிடைப்பதைவிட எட்டுப் பேருக்குப் பிரித்தால் கிடைப்பது சின்னதுதானே? நம் பாட்டிமார் இதை வாயாலேயே சொன்னார்கள்: அரையில் பாதி கால், காலில் பாதி அரைக்கால், அரைக்காலில் பாதி வீசம். அதாவது 1/2, 1/4, 1/8, 1/16. மேலே உள்ள எண் ஒன்றாகவே இருந்தால், கீழே உள்ள எண் கூடக் கூட பங்கு குறையும்.

கீழே உள்ள எண் ஒன்றாக இருந்தால் சுலபம். 3/8, 5/8 இரண்டில் 5/8 தான் பெரியது.

மேலும் கீழும் வேறுவேறாக இருந்தால்?

குழுவாகச் சேர்ந்து வாரத்துக்குப் பயிர் செய்யப் போகிறோம். செலவு நிலக்காரருடையது, உழைப்பு நம்முடையது. ஒருவர் ஐந்தில் இரண்டு பங்கு (2/5) தருகிறார். மற்றவர் எட்டில் மூன்று (3/8) தருகிறார். எது லாபம்?

ஐந்தாலும் எட்டாலும் மீதியில்லாமல் வகுபடும் ஒரு எண்ணை எடுங்கள். 5 × 8 = 40. விளைச்சல் 40 மூட்டை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

2/5 பங்கு: 40ஐ ஐந்தாக வகுத்தால் 8. இரண்டு பங்குக்கு 16 மூட்டை.
3/8 பங்கு: 40ஐ எட்டாக வகுத்தால் 5. மூன்று பங்குக்கு 15 மூட்டை.

ஆக, 2/5 தான் பெரியது. எண்ணைப் பார்த்து மயங்காமல், மூட்டையாக மாற்றிப் பார்த்த பிறகே சம்மதம் சொல்லுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் எல்லோரும் சேர்ந்து போட்டுப் பாருங்கள்: 3/5 பெரியதா, 4/7 பெரியதா? கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த அக்காமாரையும் பக்கத்தில் உட்காரவைத்து, புளியங்கொட்டை வைத்துப் பிரித்துக் காட்டுங்கள்.

(விடை: 35 கொட்டையில் 3/5 என்பது 21, 4/7 என்பது 20. எனவே 3/5 பெரியது.)