தலைப்பாகையும் தம்மமும்



விகாரைக்கு வருவோர் தலைத்துணியை நீக்கல் வேண்டுமா என்னும் கேள்வி நம் சங்கத்தாரிடையே அடிக்கடி எழுகின்றது. சிறிய கேள்வியே எனினும், இதனைத் தவறாக விளங்கிக்கொண்டமையால் யான் ஒரு பெரியவரின் மனத்தைப் புண்படுத்தினேன். அப்பிழையை மறையாது கூறி, அதன்பின் நூல்களால் அறிந்தவற்றை உரைக்கின்றேன்.

பல ஆண்டுகளுக்கு முன்னர், வைசாகப் பூர்ணிமையன்று பஞ்சசீலம் ஓதுவிக்க நின்றேன். முன்வரிசையில் எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் வெள்ளைத் தலைப்பாகையுடன் அமர்ந்திருந்தார். “ஐயா, தலைப்பாகையை எடுத்துவிட்டு உட்காருங்கள், இது விதி” என்று அனைவரும் கேட்கக் கூறினேன். அவர் ஒன்றும் பேசாது எழுந்து வெளியே சென்றார். கூட்டம் முடிந்தபின் வேப்பமரத்தடியில் அவரைக் கண்டேன். “தம்பி, எங்கள் ஊரில் பண்ணையார் வீதியில் நடக்கும்போது தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ள வேண்டும். அந்த ஊரை விட்டு வந்த அன்று கட்டிய தலைப்பாகை இது. இங்கேயும் எடுக்கச் சொன்னால் நான் எங்கே போவேன்?” என்றார். அதற்கு விடை கூற என்னிடம் சொல் இல்லை.

தலைத்துணி எனக்குப் புதிதன்று. இளமையில் நூற்பாலையில் உழைத்த காலத்து, பஞ்சுத்தூசி தலையில் படியாதிருக்கத் துண்டைக் கட்டிக்கொள்வோம். அங்கே அது தூசிக்குத் தடை, அவ்வளவே. அதே துணி ஓரிடத்தில் காப்பாகவும், ஓரிடத்தில் மானமாகவும், ஓரிடத்தில் பக்தியாகவும் நிற்கின்றது. சீக்கியர் தலைமயிரைக் களையாது, அதன்மேல் தலைப்பாகை கட்டுதலைச் சமயக் கடமையாகக் கொள்வர். தலைப்பாகை அணிந்த சீக்கியர்க்குத் தலைக்கவச விதியினின்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் விலக்கு அளித்தது. யூத ஆடவர் தலையை மூடி இறைவனை வணங்குவர். கிறித்தவ ஆடவரோ தேவாலயத்துள் தொப்பியைக் கழற்றுவர். ஒருவர் மூடுவதும் மரியாதை, மற்றொருவர் திறப்பதும் மரியாதை. எனவே துணியை மட்டும் கண்டு எவர் உள்ளத்தையும் அளத்தல் கூடாது.

இனி நம் நூல்கள் கூறுவது யாது?

விநயத்தில் பிக்குகளுக்குரிய சேகியம் என்னும் பயிற்சி விதிகள் 75 உள்ளன. அவற்றுள் 16 விதிகள் தம்மத்தைப் போதிக்கும் முறை பற்றியவை. குடை பிடித்தவர், தடியோ ஆயுதமோ ஏந்தியவர், செருப்பு அணிந்தவர், தலைப்பாகை கட்டியவர், தலையை மூடியவர் ஆகியோர் நோயற்றவராயின் அவர்களுக்குத் தம்மம் உரைக்கலாகாது என்பது அவற்றுட் சில. இங்கே இரண்டு செய்திகளை ஊன்றிக் காண்க. முதலாவது, இவ்விதி உரைக்கும் பிக்குவைக் கட்டுப்படுத்துவது. கேட்கும் இல்லறத்தாரைத் தண்டிப்பதன்று. இரண்டாவது, நோயாளிக்கு விலக்கு உண்டு. மேலும், அவமதிப்பினால் மீறுவதே குற்றம், அறியாமல் நிகழ்ந்தது குற்றமன்று. யானோ பிக்குவும் அல்லேன். எனக்கில்லாத விதியைக் கையிலெடுத்து, பிறர் தலைமேல் வைத்தேன்.

இவ்விதியின் உட்பொருளைக் கோசல மன்னர் பசேனதியின் செயல் விளக்கும். மஜ்ஜிம நிகாயத்துத் தம்மசேதிய சூத்திரத்தின்படி, பகவரைக் காணச் சென்ற அம்மன்னர் தம் வாளையும் தலைப்பாகையையும் கழற்றித் தம்முடன் வந்த தீககாராயணரிடம் கொடுத்துவிட்டு, உள்ளே புகுந்து பகவரின் திருவடிகளில் தலைவைத்து வணங்கினார். எவரும் அவரைக் கழற்றச் சொல்லவில்லை. அரசின் சின்னத்தைத் தாமே இறக்கினார். தலைப்பாகை நீக்குதல் என்பது உயர்ந்தவன் தன் உயர்வை அறத்தின் முன் இறக்கிவைத்தலாம்.

அதே சேகியப் பகுதியில், உயர்ந்த ஆசனத்தில் இருப்பவனுக்குத் தாழ்ந்த ஆசனத்திலிருந்து போதித்தலாகாது என்னும் விதிக்கு ஒரு கதை உண்டு. காசியில் ஒரு சண்டாளன், கருவுற்ற மனைவியின் ஆசைக்காக அரசனது தோட்டத்து மாமரத்தில் ஏறியிருந்தான். அப்போது அரசன் உயரத்தில் அமர்ந்து கேட்க, பிராமணன் தாழ இருந்து மந்திரம் கற்பித்தான். திருட வந்த தன் குற்றத்தை ஒளிக்காது சண்டாளன் இறங்கி வந்து, அவ்விருவரும் செய்வது அறமன்று என்று எடுத்துக்காட்டினான். நண்பர்களே, மரியாதை இன்னதென்று அரசனுக்கும் பிராமணனுக்கும் கற்பித்தவன் நம்மைப் போன்ற ஒருவன்!

சாதி கேட்ட மரியாதையோ இதற்கு நேர்மாறானது. 1930-ஆம் ஆண்டு டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியார் ஆதிதிராவிட மக்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். சட்டை அணியலாகாது, செருப்பு அணியலாகாது, வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கலாகாது என்பன அவற்றுட் சில. குடையும் செருப்பும் விநயத்திலும் வருகின்றன, இங்கும் வருகின்றன. ஆனால் விநயம் கேட்பது தம்மம் உரைக்கும் நேரத்தில் மட்டும், அரசனுக்கும் ஏழைக்கும் ஒப்பாக. சாதி கேட்டது வாழ்நாள் முழுதும், பிறப்பைப் பார்த்து. முன்னது பணிவு, பின்னது இழிவு. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் பெரும்பிழை.

ஆகவே நம் சங்கத்தார் கைக்கொள்ளத் தக்கவை இவை. தம்மம் கேட்குங்கால் தலைத்துணியை நீக்குதல் நன்மரபு. அதன் காரணத்தை முன்னரே அன்புடன் விளக்குக. நோயாளரையும் முதியோரையும் முக்காடிட்டு வரும் தாய்மாரையும் சபையில் சுட்டிப் பேசற்க. ஒருவர் நீக்காதிருப்பின், அவர் எதனைச் சுமந்து வந்தார் என்பதைத் தனியே கேட்டறிக. செல்வரும் பதவியுடையோரும் முதலில் நீக்குக. ஏழைக்கு அதுவே பாடமாகும்.

அடுத்த பூர்ணிமையில் சபையார் அனைவர் முன்னும் அப்பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டேன். பசேனதியின் கதையையும் கூறினேன். அவர் தலைப்பாகையுடனே அமர்ந்து கேட்டார். பஞ்சசீலம் தொடங்குமுன் தாமே அதனை அவிழ்த்து மடித்து மடியில் வைத்துக்கொண்டார். முடிந்தபின் வாயிற்படியில் நின்று, அவசரமின்றி, சுற்றுச் சுற்றாக அதனை மீண்டும் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார்.