செஞ்சிக்கோட்டையில் ஒரு சிவில் பாடம்

தாம்பரத்தில் பஸ் ஏறி, திண்டிவனம் வழியாகப் போனால் செஞ்சி. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று மலைகளை மதிலால் இணைத்த கோட்டை. 1677-ல் சிவாஜி பிடித்தார். பிறகு முகலாயப் படை 1690 முதல் 1698 வரை முற்றுகையிட வேண்டியிருந்தது.

அதன் பலம் மதிலில் மட்டும் இல்லை. ராஜகிரி சுமார் 800 அடி உயரம். உச்சிக்கு முன்னால் ஆழமான பாறைப் பிளவு. அதன்மேல் ஒரு பாலம். பாலத்தை எடுத்துட்டா ஏற வழி கிடையாது. உச்சியிலேயே சுனையும் மழைநீர்த் தொட்டிகளும் உண்டு. கீழே கல்யாண மகாலின் மாடிகளுக்குச் சுட்ட மண் குழாயில் தண்ணீர் ஏறியிருக்கிறது. மோட்டார் ஏது? உயரத்தில் தேக்கினால் தண்ணீர் அந்த மட்டத்தைத் தானே தேடும். நம்ம ஹைட்ராலிக்ஸ் பாடம்தான்!

எங்க அப்பா கொத்தனார். வீட்டில் டிப்ளமோ வரை வந்த முதல் ஆள் நான். நான் படித்த புத்தகங்களில் ராஜாக்கள் பேர்தான் இருக்கு, கல் அடுக்கியவர் பேர் இல்லை. அவங்க வேலையைத்தான் 2025-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. போகும்போது டேப்பும் நோட்டும் எடுத்துட்டுப் போங்க. அளந்து பார்த்தால்தான் அவங்க கெட்டிக்காரத்தனம் தெரியும்.