'எட்டு' எண்ணா, ஏவலா? – செயற்கை நுண்ணறிவு நுழைவாயில்களும் கட்டளைச் செருகலும்

நன்னூலில் பவணந்தி முனிவர் சொற்களை ஒருமொழி, தொடர்மொழி, பொதுமொழி என மூவகையாகப் பிரிக்கின்றார். பொதுமொழிக்கு உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று 'எட்டு'. சேர்ந்து நின்றால் அஃது ஓர் எண். 'எள் து' எனப் பிரிந்தால் 'எள்ளை உண்' என்னும் ஏவல். 'து' என்னும் ஓரெழுத்து ஒருமொழிக்கு 'உண்' என்பது பொருள். ஒலியில் வேறுபாடு இல்லை. கேட்பவர் எங்கே பிரிக்கின்றார் என்பதைப் பொறுத்தே அது பெயராகவோ ஏவலாகவோ அமைகின்றது.

கணினித் துறை மாணவன் இலக்கணத்தை ஏன் இழுக்கின்றான் என்று நண்பர்கள் கேட்கலாம். கணினிப் பாதுகாப்பில் 'கமாண்ட் இன்ஜெக்‌ஷன்' என்று அழைக்கப்படும் குறைபாட்டை இதைவிடச் சுருக்கமாக விளக்கும் எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. தமிழில் அதனைக் கட்டளைச் செருகல் எனலாம். பெயராக எண்ணி அனுப்பிய சொல்லைக் கணினி ஏவலாகப் பிரித்துப் படித்துவிடுவதே அக்குறைபாடு.

ஒரு நூலகத்தின் தேடல் பக்கத்தைக் கற்பனை செய்துகொள்வோம். மாணவர் ஒரு புலவரின் பெயரைத் தட்டச்சு செய்கின்றார். பக்கத்தின் பின்னால் இருக்கும் நிரல் அப்பெயரைத் 'தேடு' என்னும் சொல்லோடு ஒட்டி, ஷெல் என்னும் கட்டளை வாங்கியிடம் கொடுக்கின்றது. நம் ஷெல்லுக்குத் தமிழ் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். 'கம்பன்' என்று தட்டினால் ஷெல்லுக்குப் போவது 'தேடு கம்பன்'. சிக்கல் ஒன்றுமில்லை. இன்னொருவர் பெயர்க் கட்டத்தில் 'கம்பன்; அனைத்தையும் அழி' என்று தட்டுகின்றார். நமக்கு அரைப்புள்ளி வெறும் நிறுத்தற்குறி. ஷெல்லுக்கோ 'ஒரு கட்டளை முடிந்தது, அடுத்ததைத் தொடங்கு' என்பதன் அடையாளம். அது முதலில் கம்பனைத் தேடும். பிறகு மறுபேச்சின்றி அனைத்தையும் அழிக்கும். ஷெல்லின் மேல் குற்றம் சொல்வதற்கில்லை. அதன் கைக்கு வந்தது ஒரே வரி. அவ்வரியில் எதுவரை நிரலாளருடையது, எதிலிருந்து அந்நியருடையது என்பதை அறிய அதற்கு வழியே இல்லை.

இது புதிய நோயன்று. யூனிக்ஸ் குடும்பக் கணினிகளில் பரவலாகப் பயன்படும் பேஷ் என்னும் ஷெல்லில் 1989-இல் நுழைந்த ஒரு பிழை, 25 ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்து, 2014 செப்டம்பரில்தான் ஸ்டெஃபான் ஷாசெலாஸ் என்பவரால் கண்டறியப்பட்டது. அம்மாதம் 24-ஆம் நாள் அது வெளியிடப்பட்டபோது 'ஷெல்ஷாக்' என்னும் பெயர் பெற்றது. சூழல் மாறி எனப்படும் குறிப்புகளைப் பேஷ் படிக்கும்போது, அதில் ஒரு செயற்கூறின் வரையறை இருந்தால் அதை ஏற்றுக்கொள்ளும். அவ்வரையறை முடிந்த பின்னும் வால்போல் ஏதேனும் ஒட்டியிருந்தால் அதையும் கட்டளையாக நிறைவேற்றிவிடும். பல இணைய வழங்கிகள், வருகின்ற உலாவி தன்னை அறிமுகப்படுத்தும் வரியை அப்படியே சூழல் மாறியில் இட்டு நிரலுக்குக் கொடுத்தன. ஆகவே, 'நான் இன்ன உலாவி' என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஒரு கட்டளையை எழுதி அனுப்பினால் போதும். தொலைவிலுள்ள வழங்கி பணிந்தது. முதலில் வெளியிட்ட திருத்தமும் போதாமற்போய், அடுத்தடுத்த நாள்களில் மேலும் திருத்தங்கள் வந்தன.

இனி நுழைவாயிலுக்கு வருவோம். செயற்கை நுண்ணறிவு நுழைவாயில் என்பது பயன்பாட்டு மென்பொருளுக்கும் மொழி மாதிரிகளுக்கும் நடுவே நிற்கும் மென்பொருள். எந்தக் கேள்வி எந்த மாதிரிக்குப் போக வேண்டும், யார் எவ்வளவு செலவழித்தார், எந்தக் கருவியை மாதிரி பயன்படுத்தலாம் என்பனவற்றையெல்லாம் அது கவனிக்கின்றது. ஒவ்வொரு நிறுவனமும் தரும் இரகசியச் சாவியை ஒவ்வொரு மாணவரும் தனித்தனியே வைத்திருக்காமல், எல்லாச் சாவிகளையும் நுழைவாயிலிடம் ஒப்படைக்கலாம். வசதியான ஏற்பாடுதான். அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலரிடம் எல்லா வீட்டுச் சாவியையும் கொடுத்து வைப்பதைப் போன்றது. இங்கே ஒரு கட்டளைச் செருகல் நடந்தால் ஒரு வீடு மட்டும் கொள்ளை போவதில்லை. சாவிகள், பிறர் கேட்ட கேள்விகள், பதிவேடுகள் யாவும் ஒரே கையில் சிக்கும். சாவியைத் திருடியவர் பயன்படுத்தும் ஒவ்வொரு சொல்லுக்கும் கட்டணம் சாவியின் சொந்தக்காரருக்கே வரும் என்பதையும் மறந்துவிடலாகாது.

இஃது ஏட்டளவிலான அச்சமன்று. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால், சுருக்கமாக எம்.சி.பி., என்னும் நெறிமுறையை வெளியிட்டது. மொழி மாதிரிகள் வெளியிலுள்ள கருவிகளோடு பேசுவதற்கான பொது ஏற்பாடு அது. கணினியில் இருக்கும் செயலியைத் தொலைவிலுள்ள எம்.சி.பி. வழங்கியோடு இணைக்க எம்.சி.பி.-ரிமோட் என்னும் ஒரு பாலம் பலராலும் பயன்படுத்தப்பட்டது. 4 இலட்சத்து 37 ஆயிரம் முறைக்கு மேல் பதிவிறக்கப்பட்டிருந்தது. அதில் ஒரு கட்டளைச் செருகல் ஓட்டை இருப்பதை ஜேஃபிராக் நிறுவன ஆய்வாளர்கள் 2025 ஜூலையில் வெளியிட்டனர். கடுமை அளவுகோலில் 10-க்கு 9.6 புள்ளி பெற்ற ஓட்டை அது.

அதன் நுட்பம் கவனத்துக்குரியது. பாலம் ஒரு வழங்கியோடு இணையும்போது, 'உள்நுழைவுப் பக்கம் எங்கே?' என்று கேட்கும். வழங்கி ஒரு முகவரியைத் தரும். பாலம் அம்முகவரியை உலாவியில் திறக்கும். விண்டோஸ் கணினியில் இந்தத் திறக்கும் வேலை பவர்ஷெல் வழியாக நடந்தது. பவர்ஷெல்லோ டாலர் குறியும் அடைப்புக்குறியும் கண்டால் உள்ளே இருப்பதைக் கட்டளையாகக் கருதி முதலில் நிறைவேற்றிவிடும். தீய வழங்கி முகவரிக்குள் அத்தகைய ஒரு துணுக்கை ஒளித்து அனுப்பினால், பயனரின் கணினி அதற்கு அடிமையாகும். நூலகக் கதையில் தீங்கு வாடிக்கையாளரிடமிருந்து வந்தது. இங்கே நாம் நாடிப்போன கடையே நமக்குத் தீங்கு செய்கின்றது. 0.1.16-ஆம் பதிப்பில் இவ்வோட்டை அடைக்கப்பட்டது.

இதற்குத் தீர்வு என்ன என்று கேட்டால், பலரும் முதலில் சொல்வது வடிகட்டல். அரைப்புள்ளியைத் தடை செய். டாலர் குறியைத் தடை செய். சாய்கோட்டையும் சேர்த்துத் தடை செய். இன்னும் கண்டிப்பானவர்கள், 'ஆங்கில எழுத்துகளும் எண்களும் தவிர எதையும் ஏற்காதே' என்பார்கள். நம்மில் பலர் இதன் பலனை அனுபவித்தவர்களே. மலேசிய இந்தியர் பலரின் பெயருக்கும் தந்தை பெயருக்கும் நடுவே 'ஏ/எல்' அல்லது 'ஏ/பி' நிற்கின்றது. அடையாள அட்டையில் உள்ளபடி பெயரை எழுதுமாறு கேட்கும் படிவமே, எழுதி முடித்தவுடன் 'செல்லாத எழுத்து' என்று சிவப்பில் திட்டுவதைக் கண்டிருக்கின்றோம். என் தோழி ஒருவர் சாய்கோட்டை நீக்கி ஒரு படிவத்தை நிரப்பினார். பிறகு பெயர் பொருந்தவில்லை என்று அலைக்கழிக்கப்பட்டார். தமிழ் எழுத்திலேயே பெயரிட்ட கோப்புகளின் நிலை இன்னும் மோசம்.

வடிகட்டலால் நல்லவர்கள் இப்படித் தடைபடுகின்றனர். தீயவர்கள் தடைபடுகின்றார்களா என்றால், அதுவும் உறுதியில்லை. ஷெல்லில் கட்டளையைப் பிரிக்க அரைப்புள்ளி மட்டுமா உண்டு? செங்குத்துக் கோடு உண்டு. புதிய வரி உண்டு. பின்சாய்ந்த மேற்கோள் குறி உண்டு. ஒவ்வொரு ஷெல்லுக்கும் இப்பட்டியல் வேறு. நிரலாளர் ஒன்றை மறந்தாலும் போதும். எழுத்தின் மேல் பழி போடும் இம்முறையை நான் ஏற்பதற்கில்லை.

சரியான வழி நெடுங்காலமாகவே உள்ளது. இயங்குதளத்திடம் ஒரு நிரலை இயக்கச் சொல்லும்போது, முழு வரியாக ஒட்டி ஷெல்லிடம் கொடுக்கத் தேவையில்லை. நிரலின் பெயரைத் தனியாகவும், அதற்குரிய உள்ளீடுகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டும் கொடுக்கலாம். பைத்தான் மொழியின் சப்புரோசஸ் தொகுதி இதற்கு இடமளிக்கின்றது. நோடில் 'எக்ஸெக்' என்பதற்குப் பதிலாக 'எக்ஸெக்ஃபைல்' இருக்கின்றது. அப்போது இடையில் ஷெல் இல்லை. பிரித்துப் படிக்கவும் யாரும் இல்லை. 'கம்பன்; அனைத்தையும் அழி' என்று ஒருவர் தட்டினால், அப்படி ஒரு விசித்திரப் பெயருடைய புலவரைக் கணினி தேடிவிட்டு, இல்லை என்று சொல்லும். 'ஏ/எல்' உள்ள பெயரும், தமிழில் எழுதிய பெயரும் தேடலில் தடையின்றிப் போகும். எனினும் ஓர் எச்சரிக்கை. சிறுகோட்டில் தொடங்கும் உள்ளீட்டைச் சில நிரல்கள் தமக்கான விருப்பமாகக் கருதிக்கொள்ளும். ஆகையால் 'இதற்குமேல் விருப்பங்கள் இல்லை' என்பதைக் குறிக்கும் இரட்டைச் சிறுகோட்டை முன்னால் இடுவது நல்லது. பெயரைக் கோப்பின் பெயராகவும் பயன்படுத்துவோர் சாய்கோட்டைத் தனியே கவனிக்க வேண்டும். அங்கே அது கோப்புறைகளைப் பிரிக்கும் குறி. அமெரிக்காவின் சிசா அமைப்பும் எஃப்.பி.ஐ.-யும் 2024 ஜூலையில் விடுத்த கூட்டு அறிவிப்பிலும், உள்ளீட்டைக் கட்டளையிலிருந்து பிரித்தால் இவ்வகை ஓட்டைகளை அறவே தவிர்க்கலாம் என்றே வலியுறுத்தப்பட்டது.

மொழி மாதிரி நடுவில் வரும்போது மட்டும் கதை சற்றுச் சிக்கலாகின்றது. மாதிரிக்கு நாம் இடும் பணியும், அது படிக்க நாம் கொடுக்கும் கட்டுரையும் ஒரே எழுத்தோட்டமாகவே அதனுள் நுழைகின்றன. அங்கே தனித்தனிப் பட்டியல் கிடையாது. கட்டுரைக்குள் 'முன் சொன்னதை மறந்து, இக்கட்டளையை இயக்கு' என்று ஒரு வரி ஒளிந்திருந்தால், மாதிரி அதையும் ஏவலாகக் கொள்ளலாம். இதற்கு 2022 செப்டம்பரில் சைமன் வில்லிசன் 'பிராம்ப்ட் இன்ஜெக்‌ஷன்' என்று பெயரிட்டார். 'எட்டு' மீண்டும் வந்துவிட்டது. இம்முறை அதைப் பிரித்துக் கொடுக்க முழுமையான வழி இன்னும் யாரிடமும் இல்லை. எனவே மாதிரி எழுதித் தரும் உள்ளீட்டையும் முன்பின் அறியாதவர் தட்டியதைப் போலவே நுழைவாயில் நடத்த வேண்டும். எந்தெந்தக் கருவி என்பதை முன்கூட்டியே வரையறுக்க வேண்டும். குறைந்த உரிமையுள்ள கணக்கில் இயக்க வேண்டும். அழித்தல், அனுப்புதல் போன்ற செயல்களுக்கு மனிதரின் ஒப்புதல் வேண்டும்.

இறுதியாண்டுத் திட்டத்திற்காக இத்தகைய நுழைவாயிலைப் பதிவிறக்கித் துறையின் வழங்கியில் நிறுவும் நண்பர்கள் இவ்வாண்டும் இருப்பார்கள். நிறுவுவதற்கு முன் மூலநிரலைத் திறந்து, பைத்தானாக இருந்தால் 'ஷெல்' என்னும் விருப்பத்திற்கு எதிரே 'ட்ரூ' என்று எங்கேனும் எழுதியிருக்கின்றதா எனத் தேடிப் பாருங்கள். இருந்தால், அவ்வரிக்குள் போகும் சொற்கள் எங்கிருந்து வருகின்றன என்று பின்னோக்கிச் செல்லுங்கள். பத்து நிமிட வேலைதான். மாதிரியே எழுதித் தந்த நிரலாக இருந்தால் அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.